சேலத்துத் தண்ணீரும் பழைய முறை ஷேவிங்கும்: செட் வாங்குவது முதல் பிளேடைக் கழிப்பது வரை

பிளேடு பதித்த தலையை அப்படியே மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டு, இருபுறமும் கூரான தனி பிளேடை மாட்டும் இரட்டை முனை ரேசருக்கு மாறுகிறவர்கள் எந்த ரேசர், எந்த பிளேடு என்றுதான் முதலில் கேட்பார்கள். சேலத்தில் இருந்து கேட்பவருக்கு முதல் பதில் தண்ணீரைப் பற்றியதாகத்தான் இருக்கும். போர் தண்ணீரில் நல்ல சோப்பும் நுரைக்காது. நுரையே எழும்பாத ஷேவில் கன்னம் எரிந்தால் அதற்கு ரேசரைத் திட்டிப் பயனில்லை. ஏற்காட்டில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே தண்ணீர் பெரும்பாலும் ஒத்துழைக்கும், ஆனால் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மாதங்களில் பிரஷ் காயவே காயாது. தண்ணீர், ஈரம் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு சாமான் வாங்கினால் பாதிப் பணம் மிச்சம்.

தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்

வீட்டுக் குழாயில் வருவது மேட்டூர் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் மேல்தொட்டியில் கலந்து வருகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் மூன்றாவதுதான் நிலைமை. நாளுக்கு நாள் கலவையும் மாறும். நேற்று நன்றாக வந்த நுரை இன்று ஏன் வரவில்லை என்ற குழப்பத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

சோதனை எளிது. தெளிவான அரை லிட்டர் பாட்டிலில் 200 மி.லி. தண்ணீர் பிடியுங்கள். சாதாரணக் குளியல் சோப்பைக் கத்தியால் சீவி ஒரு சிட்டிகை போட்டு, மூடி, பத்து விநாடி வேகமாகக் குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் ஆர்.ஓ. தண்ணீரை வைத்து இதையே செய்யுங்கள். ஷாம்பு, துணி பவுடர், பாத்திரம் கழுவும் திரவம் எதையும் போடக் கூடாது. அவை கடின நீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும். ஆர்.ஓ. பாட்டிலில் நுரை நின்று, குழாய்த் தண்ணீர் பாட்டிலில் நுரை சட்டென்று அமுங்கி, தண்ணீர் பால்போல் கலங்கி, திரிதிரியாக மிதந்தால் உங்கள் தண்ணீர் கடினம் என்று முடிவு செய்யலாம்.

நடப்பது இதுதான்: தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுகின்றன. நீங்கள் போட்ட சோப்பில் ஒரு பங்கு நுரையாவதற்கு முன்பே இப்படி வீணாகிறது. வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட்டை வெட்டியெடுக்கும் ஊரில் மெக்னீசியத்துக்குப் பஞ்சமா என்ன! கொதிக்க வைத்தால் ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. பைகார்பனேட்டாக இருக்கும் பகுதி மட்டும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். மற்றது தண்ணீரிலேயே தங்கிவிடும்.

இதற்காக வீட்டுக்கே மென்னீர்க் கருவி வாங்க வேண்டாம். பிரஷை நனைக்கவும் நுரை கட்டவும் ஒரு ஷேவுக்கு 150 மி.லி. தாராளம். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரோ, மேட்டூர் தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ போதும். முகம் கழுவவும் ரேசர் அலசவும் குழாய்த் தண்ணீரே ஆகும்.

ரேசர்

இரட்டை முனை பிளேடை மெல்லியதாக வளைத்துப் பிடிக்கும் இந்த அமைப்புக்குக் கிங் கேம்ப் ஜில்லெட் 1904ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பிளேடின் அளவு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை என்பதால் எந்த நிறுவனத்தின் பிளேடும் எந்த ரேசரிலும் உட்காரும். கார்ட்ரிட்ஜில் இந்தச் சுதந்திரம் கிடையாது.

தொடங்குபவர் வாங்க வேண்டியது மூன்று துண்டு ரேசர்: மேல்தட்டு, கீழ்த்தட்டு, கைப்பிடி. கைப்பிடியைத் திருகினால் மூன்றும் தனித்தனியாகக் கழன்றுவிடும். அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவுகள் விரியும் மாடலும் உண்டு. பிளேடு மாற்றுவது அதில் சுலபம்தான். ஆனால் கடின நீர் ஊரில் அதன் கீல்களுக்குள் சோப்புப் பிசுக்கும் உப்பும் போய் உட்கார்ந்துகொள்ளும். கழற்றிக் கழுவ வழியில்லை. சில மாதங்களில் கதவு ஒரு பக்கம் இறுகி, ஒரு பக்கம் லொடலொடவென்று ஆடும். சேலத்துக்கு அதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

கீழ்த்தட்டின் ஓரம் நேர்க்கம்பிபோல் மூடியிருக்கலாம், அல்லது சீப்புப் பல்போல் பிளந்திருக்கலாம். மூடிய ஓரமே முதல் ரேசருக்கு ஏற்றது. நான்கைந்து நாள் தாடியை எடுப்பவருக்குப் பல் வைத்தது உதவும், ஏனென்றால் நீள முடி மடங்காமல் பல்லிடுக்கில் நுழைந்துவிடும். பிளேடு முனைக்கும் கீழ்த்தட்டு ஓரத்துக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். நல்ல நிறுவனங்கள் அதை மில்லிமீட்டரில் சொல்கின்றன. பொதுவாக 0.5 முதல் 0.7 மி.மீ. வரை இருந்தால் கை பழகாதவரையும் மன்னிக்கும். 1 மி.மீ. தாண்டிய ரேசர் திறமை கேட்கும். முகநூலில் யாரோ புகழ்ந்தார் என்று அதை முதலில் வாங்காதீர்கள்.

உலோகம் எதுவோ, பராமரிப்பும் அதைப் பொறுத்ததே. விலை மலிவான ரேசர்களில் பெரும்பாலானவை ஸமாக் எனப்படும் துத்தநாகக் கலவையை வார்த்துக் குரோம் முலாம் போட்டவை. முலாம் இருக்கும்வரை குறையில்லை. மேல்தட்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரைத் தண்டுதான் பலவீனமான இடம். அங்கே முலாம் தேய்ந்து ஈரம் நின்றால் உள்ளே பொரிந்துபோகும். ஒரு நாள் கைப்பிடியை இறுக்கும்போது தண்டு முறிந்து கையோடு வரும். பிளேடு கழன்றுவிடுமோ என்ற பயத்தில் முரட்டுத்தனமாக இறுக்குகிறவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். விரல் நுனியால் திருகி, நின்றதும் ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவே போதும்.

பித்தளையில் செய்து முலாம் போட்டது இதைவிட நீண்ட நாள் வரும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விலை கூட, ஆனால் சேலத்துக்காரருக்கு அந்த உலோகத்தின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலுமினியம் எடை குறைவு. சேர்வராயன் மலையின் பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூர் ஆலைக்குப் போய் அலுமினியமான கதை தெரிந்தவர்களுக்கு அதன் மேல் ஒரு பாசம் இருக்கலாம். ஆனால் சோடா உப்பு, காரமான கிளீனர் பட்டால் அலுமினியம் கறுத்துவிடும் என்பது நினைவிருக்கட்டும்.

கடையில் வாங்கும்போது ஒரு பிளேடை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரேசரை வெளிச்சத்துக்கு எதிரே தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பிளேடு ஒரே அளவு எட்டிப்பார்க்க வேண்டும், ஒரே பக்கத்திலும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. கோணலாகத் தெரிந்தால் தளர்த்தி, பிளேடின் கூரில்லாத இரு குறுகிய ஓரங்களையும் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி இறுக்குங்கள். அப்போதும் கோணல் தீரவில்லையென்றால் குறை வார்ப்பில் இருக்கிறது. வேறு ரேசரை எடுங்கள். எடை 70 முதல் 100 கிராம் வரை இருந்தால் ரேசரின் கனமே வெட்டும், கை அழுத்த வேண்டியிருக்காது.

சலூனில் பார்த்த கத்திமேல் ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளேடைக் காகிதத்தோடு பாதியாக ஒடித்து மாட்டும் அந்தக் கத்தியில் பாதுகாப்புத் தட்டு எதுவும் கிடையாது. கோணமும் அழுத்தமும் முழுக்கக் கையில்தான். இரட்டை முனை ரேசரில் ஆறு மாதம் பழகிவிட்டு அந்தப் பக்கம் வாருங்கள். தோல் வாரில் தீட்டும் பழைய சவரக்கத்தி தனி வித்தை. அதைச் சாணைக்கல்லோடு சேர்த்துத்தான் கற்க வேண்டும்.

பிளேடு

பெட்டிக்கடையில் தொங்கும் 7 ஓ'கிளாக், டோபாஸ் போன்றவற்றில் இரண்டு வகையை ஒவ்வொரு பாக்கெட் வாங்கினால் தொடக்கத்துக்குப் போதும். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ரேசர், சோப்பு, பிளேடு மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது எரிச்சல் தருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு பிளேடு சராசரியாக நான்கைந்து ஷேவுக்கு வரும். அடர்ந்த, முரட்டுத் தாடிக்கு மூன்றுதான். முடி எஃகைவிடப் பல மடங்கு மென்மையானது, பிறகு ஏன் எஃகு மழுங்குகிறது? 2020ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். வெட்டும்போது முடி சாய்ந்து வளைந்தால் பிளேடு முனையில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன என்பது அவர்கள் கண்டது. முடியை நன்றாக ஊற வைத்தால் முகத்துக்கு மட்டுமல்ல, பிளேடுக்கும் நல்லது. மழுங்கிய பிளேடை முதலில் காட்டிக்கொடுப்பது மேலுதடும் மோவாயும். அங்கே முடியைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தால் அன்றோடு மாற்றிவிடுங்கள்.

பிரஷ், சோப்பு, கிண்ணம்

பன்றிமுடி பிரஷ் மலிவு, விறைப்பானது, கட்டிச் சோப்பிலிருந்து நன்றாக நுரை எடுக்கும். பத்துப் பதினைந்து முறை பயன்படுத்திய பிறகே நுனி பிளந்து மென்மையாகும். அதுவரை கன்னத்தில் குத்தும், லேசாக நாறும். பேட்ஜர் என்ற விலங்கின் முடி மென்மை, விலை அதிகம். செயற்கை இழை பிரஷ் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளாததால் உதறினாலே முக்கால்வாசி காய்ந்துவிடும். ஏற்காட்டில் இருப்பவர்கள் யோசிக்காமல் செயற்கை இழையே வாங்கலாம். கீழே சேலத்தில் கோடையில் எதுவும் மதியத்துக்குள் காய்ந்துவிடும், எனவே விருப்பம் உங்களுடையது. முடிக் கற்றையின் அடிக்குறுக்களவு 22 முதல் 24 மி.மீ. வரை போதும். பெரிய பிரஷ் சோப்பைத்தான் அதிகம் குடிக்கும்.

கடின நீரில் கட்டிச் சோப்போடு மல்லுக்கட்டுவதைவிட க்ரீமில் தொடங்குவது நல்லது. க்ரீமில் நுரை சீக்கிரம் கட்டும், தவறினாலும் இன்னும் கொஞ்சம் பிதுக்கிச் சமாளிக்கலாம். டப்பாவை அழுத்தினால் நுரையாகவே வரும் ஃபோம் இந்த முறைக்கு உதவாது. மேலே மெத்தென்று இருக்கும், அடியில் முடிக்குத் தண்ணீர் சேராது. கிண்ணத்துக்குச் செவ்வாய்ப்பேட்டை பாத்திரக்கடையில் கிடைக்கும் 10 செ.மீ. அகலமுள்ள கனமான எவர்சில்வர் கிண்ணம் ஒன்று போதும். ‘ஷேவிங் கிண்ணம்’ என்று பெயர் போட்டு விற்பதில் பெயருக்குத்தான் காசு.

முதல் ஷேவ்

குளித்து முடித்த கையோடு செய்யுங்கள். முடியாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். ஏற்காட்டுக் காலைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். அங்கே நுரை போட்டபின் இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாக ஊற விடுங்கள்.

முடி எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்று ஒரு நாள் தாடியில் விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் முடியின் போக்கு, சொரசொரத்தால் எதிர்ப்போக்கு. கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் பலருக்கு மேல்நோக்கியோ, காதுப் பக்கமாகவோ, சுழியாகவோ இருக்கும். கழுத்து எரிச்சல் என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் பார்க்காமல் மேலிருந்து கீழே இழுத்தவர்கள்தான்.

இயற்கை முடி பிரஷ் என்றால் இரண்டு நிமிடம் தண்ணீரில் ஊற வையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், அடியில் உள்ள பசை இளகிவிடும். மூன்று முறை உதறிவிட்டு, கிண்ணத்தில் ஒன்றரை செ.மீ. நீளத்துக்கு க்ரீம் பிதுக்கிச் சுழற்றத் தொடங்குங்கள். முதலில் பசை மாதிரி இருக்கும். அரை டீஸ்பூன் தண்ணீர், இருபது விநாடி சுழற்று, மறுபடி அரை டீஸ்பூன் என்று மூன்று நான்கு முறை சேர்க்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். குமிழி கண்ணுக்குத் தெரியாமல், பளபளப்போடு, கெட்டித்தயிர் பதத்துக்கு வந்தால் சரி. பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது, கொஞ்சம் க்ரீம் சேருங்கள். பளபளப்பு இல்லாமல் கூர்கூராக நின்றால் தண்ணீர் போதவில்லை. விரலிடுக்கில் தேய்த்தால் வழவழவென்று வழுக்க வேண்டும். உயரமாக நிற்பது கணக்கில்லை. முகத்தில் பூசியதும் மின்விசிறிக்குக் கீழே நிற்காதீர்கள். சித்திரை வெயிலில் நுரை இரண்டே நிமிடத்தில் வறண்டு செதிலாகிவிடும்.

இனி கோணம். ரேசரின் மேல்தட்டு மட்டும் கன்னத்தைத் தொடும்படி, கைப்பிடியைக் கன்னத்துக்குச் செங்குத்தாக நீட்டிப் பிடியுங்கள். இந்த நிலையில் எதுவும் வெட்டாது. கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். பிளேடு தோலைத் தொட்டு முதல் முடி நறுக்கும் சத்தம் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே ஏறக்குறைய 30 பாகை. அந்தச் சத்தம்தான் வழிகாட்டி. சீரான சரசரப்பு இருந்தால் கோணம் சரி. சத்தம் நின்றால் கோணம் மாறிவிட்டது அல்லது நுரையை மட்டும் வழிக்கிறீர்கள்.

கைப்பிடியின் அடிப்பகுதியை மூன்று விரலால் லேசாகப் பிடியுங்கள். மறு கையால் தோலை இழுத்துப் பிடித்து, இரண்டு மூன்று செ.மீ. நீளத்துக்குக் குட்டிக் குட்டியாக இழுங்கள். கன்னத்தை முதலில் முடியுங்கள், பிறகு கழுத்து, மோவாயும் மேலுதடும் கடைசி. அங்கேதான் முடி முரடு, கடைசிவரை ஊற நேரம் கிடைக்கும். நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை அலசி மறுபக்கம் திருப்புங்கள். தாடை எலும்பின் வளைவில் ரேசரைத் திருப்ப முயல வேண்டாம். தோலைக் கன்னத்துக்கு ஏற்றி இழுத்தால் தட்டையான இடம் கிடைக்கும்.

முதல் இரண்டு வாரம் முடியின் போக்கிலேயே ஒரு சுற்று, அவ்வளவுதான். வழவழப்பு கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். பிறகு மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு சுற்று சேருங்கள். எதிர் ஷேவ் ஒரு மாதம் கழித்து, அதுவும் கன்னத்தில் மட்டும். சுருள்முடிக் கழுத்தில் எதிர் ஷேவ் செய்தால் முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து கட்டிகட்டியாக எழும்பும்.

என்ன தவறியது என்பதை முகமே சொல்லும். புள்ளிப்புள்ளியாக ரத்தம் வந்தால் அழுத்திவிட்டீர்கள். நீளக் கோடாக வெட்டினால் ரேசர் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. மதியம்வரை எரிந்தால் நுரையில்லாத இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பீர்கள். காலையில் ஷேவ் செய்துவிட்டு உடனே ஹெல்மெட் மாட்டுகிறவர்களுக்குத் தாடைவார் உரசும் இடத்தில் மட்டும் தடிப்பு வரும். அவர்கள் இரவு ஷேவுக்கு மாறிப் பார்க்கட்டும். சீழ்ப்பருக்கள் இருந்தால் அவை ஆறும்வரை ரேசர் வேண்டாம், ஆறாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

படிகாரம்

நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் கட்டியாகவே கிடைக்கும். உடைத்த கட்டியின் முனைகள் கண்ணாடிச் சில்லுபோல் கூராக இருக்கும், ஈரக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஷேவ் முடிந்ததும் முகத்தைக் கழுவி, ஈரத்தோடு தடவி, அரை நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். எங்கே சுரீரென்கிறதோ அங்கே அதிகம் அழுத்தியிருக்கிறீர்கள். மறுநாள் அந்த இடத்தில் கையைத் தளர்த்துங்கள். படிகாரம் பட்ட விரலோடு ரேசரைத் தொடாதீர்கள். அதன் கரைசல் அமிலத்தன்மை உள்ளது, ஸமாக்கையும் அலுமினியத்தையும் அரிக்கும். ரேசர் இருக்கும் டப்பாவில் அதைப் போட்டு வைக்கவும் கூடாது.

கழுவிக் காய வைப்பது

ரேசரை ஒவ்வொரு முறையும் முழுக்கக் கழற்றத் தேவையில்லை. கைப்பிடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஓடும் நீரில் அலசி, உதறி, தளர்ந்த நிலையிலேயே சாய்த்து வைத்தால் உள்ளே நின்ற தண்ணீர் வடிந்துவிடும். அடுத்த முறை இறுக்க மறக்க வேண்டாம். பிளேடைத் துணியால் துடைக்கக் கூடாது. துணியும் கிழியும், முனையும் கெடும், விரலும் போகும். பிளேடு மாற்றும் நாளில் மூன்று துண்டையும் பழைய பல்துலக்கும் பிரஷும் ஒரு சொட்டு பாத்திரத் திரவமும் போட்டுத் தேய்த்து, மரைக்குள் உள்ள ஈரத்தைத் துணித்திரியால் எடுத்துவிடுங்கள்.

வெள்ளை உப்புப் படிந்தால் ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து உடனே கழுவுங்கள். ஸமாக் ரேசரை வினிகரில் ஊறப்போட்டால் முலாம் விட்ட இடத்தில் துத்தநாகம் கரையும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பழகிய கை புளியைத் தேடும். முலாம் இல்லாத வெறும் பித்தளை ரேசருக்குப் புளி சரி, முலாம் போட்டதற்கு வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பவுடர் எந்த முலாமையும் கீறிவிடும்.

பிரஷை அடிவரை சோப்புப் போக அலசுங்கள். கடைசி அலசல் டம்ளரில் மிச்சமிருக்கும் மென்னீரில் இருக்கட்டும்; இல்லாவிட்டால் முடியின் அடியில் பிசுக்கு இறுகி, கற்றை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து உதிரத் தொடங்கும். முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையில் அமுக்கி, துண்டில் முன்னும் பின்னும் ஓட்டி ஈரத்தை எடுங்கள். தலைகீழாகத் தொங்கவிடுவதா நிமிர்த்தி வைப்பதா என்று சண்டையே நடக்கும். காற்று படுகிறதா என்பதுதான் முக்கியம். குளியலறை அலமாரிக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சைதான் வளரும். ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகையில் பிரஷைப் படுக்கையறை ஜன்னலோரம் கொண்டுபோய் வையுங்கள். இயற்கை முடிதான் வேண்டும் என்பவர்கள் இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயன்படுத்தலாம். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்போரம் வைத்தால் முடி பொடியும்.

பழைய பிளேடு

குப்பைப் பையில் நேராகப் போட்ட பிளேடு கடைசியில் கிழிப்பது தூய்மைப் பணியாளர் கையைத்தான். மூடி இறுகிய பால்பவுடர் டின் ஒன்றை எடுத்து, மூடியில் 25 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலத்துக்கு ஒரு கீறல் போடுங்கள். பிளேடின் அகலம் சுமார் 22 மி.மீ. என்பதால் நெடுக்காக நுழையும், திரும்ப வெளியே வராது. மூடியைச் சுற்றி ஸ்டிக்கர் டேப் ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வாரம் ஒரு பிளேடு என்றாலும் ஆண்டுக்கு ஐம்பத்திரண்டுதான், டின் நிறையப் பல ஆண்டாகும். நிறைந்ததும் கீறலையும் டேப்பால் அடைத்து, மேலே ‘பிளேடு’ என்று எழுதி, பழைய இரும்புக் கடையில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.